வேதம் நூலான கதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிறித்தவ மறைநூல் எப்படித் தோன்றியது என்பது பற்றியும், அதன்மீது பிற சமயத்தார் எழுப்பும் ஐயங்கள் பற்றியும் அண்மையில் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றை ஒன்றுசேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அதைத் தெளிவாகக் கேட்டவரின் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வசைமொழியோடு வந்தவற்றை, எந்தத் தரப்பிலிருந்து வந்திருந்தாலும், ஒதுக்கிவிட்டேன்.

● “கி.பி. 325-இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர்தான் நான்கு நற்செய்தி நூல்களைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை எரிக்கச் சொன்னார் என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. கிறித்தவ நண்பர் ஒருவர் அது பொய் என்கிறார். ஆனால் அவரால் சான்று எதுவும் காட்ட முடியவில்லை. எது உண்மை?”
— ர.சு., தூத்துக்குடி

உங்கள் நண்பர் சொல்வதே சரி. நிசேயா சங்கம் கூடியதன் முதன்மையான காரணம், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்ற குரு கிளப்பிய சர்ச்சை. மகன் என்று சொல்லப்படும் கிறிஸ்து தந்தையால் படைக்கப்பட்டவரா, தந்தையோடு ஒரே தன்மை உடையவரா என்பதே அங்கே பேசப்பட்ட பெரிய கேள்வி. உயிர்த்தெழுதல் பெருவிழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்பதையும் பேசினார்கள். ஆயர்கள், குருக்கள் ஆகியோரின் ஒழுங்கு பற்றி 20 விதிகளை இயற்றினார்கள். அந்த விதிகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் எந்த நூலை ஏற்பது, எதை விலக்குவது என்பது பற்றி ஒரு சொல் கூட இல்லை.

அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க மொழியில் தொகுக்கப்பட்ட ஒரு சங்க வரலாற்றுச் சுருக்கத்தில், எல்லா நூல்களையும் பீடத்தருகே குவித்துவைத்து ஆயர்கள் இறைவனை வேண்ட, மெய்யான நூல்கள் மேலே வந்தன, பொய்யானவை கீழே தங்கின என்று ஓர் அற்புதக் கதை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வால்டேர் அதைக் கேலிப்பொருளாக்கி ஐரோப்பா முழுவதும் பரப்பினார். பக்தர்கள் புகழ்ச்சியாக எழுதியதை எதிரிகள் இகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்கள்; நிகழ்ச்சி மட்டும் நடக்கவே இல்லை. கான்ஸ்டன்டைன் செய்த வேறு இரண்டு காரியங்களும் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்தன. புதிய தலைநகரின் ஆலயங்களுக்காக 50 மறைநூல் படிகளை எழுதித் தரும்படி செசரியாவின் ஆயர் யுசேபியுஸை அவர் கேட்டுக்கொண்டார். ஆரியுஸின் எழுத்துகளை எரிக்கவும் ஆணையிட்டார். எரிப்பு ஆணை ஒன்று உண்டு என்பது மெய்தான், ஆனால் அது நற்செய்தி நூல்களைப் பற்றியது அன்று.

நற்செய்திகள் நான்கே என்ற உறுதி அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. லியோன் நகர ஆயர் இரேனேயுஸ் 180-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை வற்புறுத்தி எழுதியிருக்கிறார். நெடுங்காலம் இழுபறியாக இருந்தவை வேறு நூல்கள்: எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம், யாக்கோபு, இரண்டாம் பேதுரு, யோவானின் சிறிய திருமுகங்கள் இரண்டு, யூதா, திருவெளிப்பாடு. இன்று புதிய ஏற்பாட்டில் இருக்கும் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் பட்டியலிட்ட முதல் ஆவணமாக நமக்குக் கிடைப்பது, 367-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் அனுப்பிய விழாக்காலக் கடிதம். அதாவது நிசேயாவுக்கு 42 ஆண்டுகளுக்குப் பிறகு.

அதன் பிறகும் எல்லா இடத்திலும் ஒரே பட்டியல் நிலவவில்லை என்பதற்குச் சான்று தேடி நாம் ரோமுக்குப் போக வேண்டியதில்லை. கேரளத்து மார்த்தோமா கிறித்தவர்கள் வழிவழியாக ஓதிவந்த சிரிய மொழி மறைநூலில் புதிய ஏற்பாட்டு நூல்கள் 22 மட்டுமே இருந்தன. கொச்சிக்கு அருகிலுள்ள உதயம்பேரூரில் 1599-இல் போர்த்துக்கீசியரின் கோவா பேராயர் கூட்டிய சங்கம், விடுபட்ட நூல்களைச் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி அவர்களுக்குக் கட்டளையிட்டது. உங்கள் வாட்ஸ்அப் செய்தி சொல்வதைப் போன்ற ஒரு சங்கத் தீர்மானம் உங்களுக்கு வேண்டுமென்றால், அது நிசேயாவில் கிடைக்காது. 1,274 ஆண்டுகள் கழித்து நம் பக்கத்து மாநிலத்தில்தான் கிடைக்கும்.

● “ஈஸா நபிக்கு (இயேசுவுக்கு) இறைவன் இன்ஜீல் (நற்செய்தி) என்ற ஒரே வேதத்தை அருளினான் என்பது எங்கள் நம்பிக்கை. என்னோடு பணிபுரியும் கிறித்தவ நண்பரோ நான்கு பேர் எழுதிய நான்கு நூல்களைக் காட்டுகிறார். மூல வேதம் திரிக்கப்பட்டுவிட்டது என்பதற்கு இதுவே போதாதா என்று கேட்டேன். ‘இன்ஜீலை உடையவர்கள் அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லட்டும் என்று உங்கள் குர்ஆனே சொல்கிறதே, திரிக்கப்பட்ட நூலைக் கொண்டா தீர்ப்புச் சொல்லச் சொல்கிறது?’ என்று அவர் திருப்பிக் கேட்கிறார். இருவரும் நண்பர்களாகவே இருக்கிறோம். ஆனால் பேச்சு இதற்குமேல் நகர மறுக்கிறது.”
— கா.மு., காயல்பட்டினம்

நீங்கள் இருவரும் நின்றுவிட்ட இடத்தில் இதற்கு முன்பும் பலர் நின்றிருக்கிறார்கள். அதற்குக் காரணம் ஒன்றுதான். இறைவாக்கு என்று சொல்லும்போது நீங்கள் கருதுவதும் உங்கள் நண்பர் கருதுவதும் ஒன்றல்ல. உங்கள் நம்பிக்கையில் வேதம் என்பது இறைவனிடமிருந்து இறங்கி, நபியின் நாவின் வழியாக, சொல் மாறாமல் வந்தது. நபியின் சொந்த நினைவோ நடையோ அதில் கலக்க இடமில்லை. கிறித்தவர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கையில் அந்த இடத்தில் இருப்பது நூல் அன்று, இயேசு என்ற ஆளே. நூல்கள் அவரைக் கண்டவர்களும் கண்டவர்களிடம் கேட்டவர்களும், ஆவியாரின் ஏவுதலால், தம் சொந்த மொழியில் தந்த சாட்சியம். லூக்கா தம் நூலின் தொடக்கத்திலேயே, தொடக்கமுதல் அனைத்தையும் தாமே ஆராய்ந்து ஒழுங்குபடுத்தி எழுதுவதாகச் சொல்கிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், கிறிஸ்பு, காயு ஆகிய இருவரைத் தவிர வேறு யாருக்கும் தாம் திருமுழுக்குக் கொடுக்கவில்லை என்கிறார். உடனே ஸ்தேவானின் வீட்டார் நினைவுக்கு வர, அவர்களுக்கும் கொடுத்தேன் என்று சேர்த்துக்கொள்கிறார். அதற்குமேல் நினைவில்லை என்று முடிக்கிறார். எழுத்தர் முன் உட்கார்ந்து ஒரு மனிதர் பேசும் குரல் அது. கிறித்தவர் அதில் குறை காண்பதில்லை. உங்கள் அளவுகோலின்படி அது வேதமாக இருக்கவே முடியாது. நற்செய்தி நூல்களுக்கு உங்கள் மரபில் ஓரளவு நெருக்கமானது, நபியின் சொல்லையும் செயலையும் பிறர் அறிவித்த ஹதீஸ்தான், குர்ஆன் அன்று.

இந்த வேற்றுமையை உணராமல் இரு தரப்பும் மோதிக்கொண்டதற்குத் தெளிவான சான்று 1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஆக்ராவில் நடந்த விவாதம். கிறித்தவத் தரப்பில் ஜெர்மானியரான கார்ல் பிஃபாண்டர் பேசினார். பிற்காலத்தில் லாகூரின் முதல் ஆயரான தாமஸ் வால்பி ஃபிரெஞ்சு அவருக்குத் துணை. பிஃபாண்டர் பாரசீகமும் உருதும் அறிந்தவர்; வேதம் திரிக்கப்படவில்லை என்று வாதிட்டு ‘மீஸானுல் ஹக்’ என்ற நூலை எழுதியவர். இஸ்லாமியத் தரப்பில் கைரானாவைச் சேர்ந்த மவுலானா ரஹ்மத்துல்லாஹ். அவருக்குத் துணை, ஆக்ரா மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் வஸீர் கான். வஸீர் கான் ஆங்கிலம் அறிந்தவர் என்பதுதான் அந்த விவாதத்தின் போக்கையே மாற்றியது. விவிலியச் சுவடிகளைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிய ஆய்வு நூல்களை அவர் சேர்த்துவைத்திருந்தார். அரபு மரபிலிருந்து வழக்கமான எதிர்வாதங்கள் வரும் என்று பிஃபாண்டர் காத்திருந்தார். வந்தவையோ அவர் சமயத்தைச் சேர்ந்த அறிஞர்களே எழுதிய முடிவுகள்.

அவர்கள் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்றை இன்றைக்கும் உங்கள் நண்பரின் வீட்டில் நீங்கள் சரிபார்க்கலாம். சீர்திருத்தத் திருச்சபையார் வழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் முதலாம் யோவான் 5-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்தைப் பாருங்கள். பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவர் என்றும், அம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்றும் அங்கே இருக்கும். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை எடுத்து அதே இடத்தைப் பாருங்கள். அந்த வாக்கியம் இருக்காது. நான்காம் நூற்றாண்டுச் சுவடிகளான சினாய், வத்திக்கான் படிகளில் அது இல்லை. இலத்தீன் வழியாக நுழைந்த அந்த வரியைப் பதினாறாம் நூற்றாண்டில் எராஸ்முஸ் தம் கிரேக்கப் பதிப்பின் முதல் இரண்டு அச்சுகளில் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வலுத்த பிறகு 1522-இல் வந்த மூன்றாம் அச்சில்தான் சேர்த்தார்.

ஆக்ராவில் பிஃபாண்டர் நேர்மையாகவே நடந்துகொண்டார் என்பது என் எண்ணம். படியெடுத்தோர் செய்த பிழைகளும், ஒருசில இடங்களில் சேர்க்கைகளும் உண்டு என்று சபை நடுவே ஒப்புக்கொண்டார். ஆனால் அவற்றால் எந்தக் கோட்பாடும் மாறவில்லை என்றார். அவருக்கு அது சிறிய ஒப்புதல். எதிர்த்தரப்புக்கோ விவாதமே அதோடு முடிந்துவிட்டது, ஏனென்றால் ஒரு சொல் மாறினாலும் வேதம் திரிந்தது என்பதே அவர்கள் அளவுகோல்.

இனி உங்கள் நண்பரின் எதிர்க்கேள்வி. அவர் காட்டும் வசனம் அல்மாயிதா அத்தியாயத்தில் இருக்கிறது. தம் கைகளால் எழுதிவிட்டு இது அல்லாஹ்விடமிருந்து வந்தது என்போருக்குக் கேடுதான் என்று அல்பகராவில் வருவதும் உங்களுக்குத் தெரியும். இந்த இரண்டையும் எப்படி இணைத்துப் படிப்பது என்பதில் இஸ்லாமிய அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. எழுத்தே மாற்றப்பட்டது என்று கடுமையாக வாதிட்டவர் பதினோராம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம். எழுத்து அப்படியே இருக்கிறது, பொருளைத்தான் திரித்தார்கள் என்று கொண்டவர்களும் உண்டு. 781-இல் பாக்தாதில் கலீஃபா அல்மஹ்தீ இதே குற்றச்சாட்டை முன்வைத்தபோது, கிழக்குத் திருச்சபையின் தலைவர் திமொத்தேயு ஒரு கூர்மையான பதிலைச் சொன்னார்: யூதரும் கிறித்தவரும் ஒருவருக்கொருவர் பகைவர், இருவரிடமும் மோசேயின் சட்ட நூலான ஒரே தோராவும் ஒரே இறைவாக்கினர் நூல்களும் இருக்கின்றன, பகைவர் இருவர் கூடி எப்போது, எங்கே உட்கார்ந்து ஒரே மாதிரி திருத்தினார்கள்? பழைய ஏற்பாட்டைப் பொறுத்தவரை இது வலுவான வாதம். நற்செய்திகளுக்கு இந்தக் காவல் கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவற்றை யூதர் பாதுகாக்கவில்லை.

இன்னொன்று. சுவடிகளை ஒப்பிட்டு நோக்கும் முறையைப் பிறர் நூலுக்குப் பயன்படுத்துகிறவர், தம் நூலுக்கும் அதே முறை வரும்போது முகம் சுளிக்கக் கூடாது. கலீஃபா உஸ்மான் காலத்தில் ஒரே படியை நிலைநாட்டிவிட்டு மற்றவற்றை எரிக்கச் சொன்ன செய்தி புகாரியின் ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. இன்று உலகில் பெரும்பாலோர் ஓதுவது ஹஃப்ஸ் வழி வந்த ஓதல்முறை. மொராக்கோவில் ஓதுவது வர்ஷ் வழி வந்தது. அவற்றுக்கிடையே உள்ள சிறு வேறுபாடுகள் எல்லாம் அனுமதிக்கப்பட்டவை என்று உங்கள் அறிஞர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கத்தைக் கேட்க உங்கள் நண்பரும் பொறுமை காட்ட வேண்டும், அவர் தரப்பு விளக்கத்துக்கு நீங்கள் காட்டுவதைப் போல.

● “சுவடி மாறிய, தொலைந்த பிரச்சினையெல்லாம் அவர்களுக்குத்தானே? நமக்கு அது இல்லையே?”
— சி.ந., சிதம்பரம்

சிதம்பரத்திலிருந்தா இந்தக் கேள்வி? தேவார ஏடுகள் உங்கள் ஊர்க் கோயிலின் அறையில்தான் கறையான் அரித்துக் கிடந்தன என்றும், இராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி எஞ்சியவற்றை எடுத்துத் தொகுத்தார் என்றும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அரித்துப்போனவை எத்தனை ஆயிரம் என்று அந்தப் புராணமே பேசுகிறது. எஞ்சிய பதிகங்களின் பெருமை அதனால் சைவர்களுக்குக் குறைந்துவிடவில்லை.

● “பர்னபா நற்செய்தி என்ற ஒன்றில் முகம்மது நபியின் பெயரே வருகிறதாமே. திருச்சபை அதை மறைத்தது ஏன்?”
— பெயர் வேண்டாம், வாணியம்பாடி

மறைத்ததாகச் சொல்வதற்கு முதலில் அந்த நூல் பழங்காலத்தில் இருந்திருக்க வேண்டும். இன்று அச்சில் கிடைக்கும் நூலுக்கு ஆதாரமான இத்தாலிய மொழிச் சுவடி வியன்னாவில் இருக்கிறது. அது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1907-இல் வந்தது. அடுத்த ஆண்டே கெய்ரோவில் ரஷீத் ரிளா அரபு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதன்பிறகுதான் அது உலகெங்கும் பரவியது.

நூலின் உள்ளேயே அதன் காலம் வெளிப்படுகிறது. யூபிலி என்னும் புனித ஆண்டு நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக அதில் இருக்கிறது. மோசேயின் சட்டப்படி யூபிலி என்பது ஐம்பதாம் ஆண்டு. நூறாண்டுக்கு ஒருமுறை என்று முதன்முதலில் விதித்தவர் 1300-இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ். இயேசு கலிலேயக் கடலில் படகேறி நாசரேத்துக்குப் போய்ச் சேர்வதாகவும் வருகிறது. நாசரேத் மலைமேல் இருக்கும் ஊர். படகில் வந்தவர் கரையிலிருந்து ஒருநாள் நடந்தாக வேண்டும். அந்த நிலத்தைக் கண்ணால் பார்த்த எவரும் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது, அதை எடுத்துச் சொல்வோர் ஏனோ குறைவு. அந்த நூலில் இயேசு தாம் மெசியா அல்ல என்று மறுத்து, அந்தப் பெயரை முகம்மதுக்கு உரியதாக்குகிறார். குர்ஆனோ ஈஸாவைத்தான் மீண்டும் மீண்டும் அல்மஸீஹ், அதாவது மெசியா, என்று அழைக்கிறது. கிறித்தவரோடு வாதிட இந்த நூலைக் கையில் எடுக்கும் இஸ்லாமியர் தம் வேதத்தோடும் முரண்பட நேரும். இஸ்லாமிய ஆய்வாளர்கள் பலர் இதனாலேயே அதை ஒதுக்கிவிட்டார்கள்.

● “பழைய ஏற்பாடு யூதர்களின் வேதம்தானே? அதிலேயே இயேசுவைப் பற்றி முன்னறிவிப்புகள் இருக்கின்றன என்று எங்கள் ஆலயத்தில் போதிக்கிறார்கள். எசாயா 53-ஐப் படிக்கும்போது எனக்கு அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது. அதே நூலை அதே மொழியில் படிக்கும் யூதர்களுக்கு அது ஏன் தெரியவில்லை?”
— ஜெ.மே., நாகர்கோவில்

அம்மா, இந்தக் கேள்வியை விவிலியமே கேட்டிருக்கிறது. திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர் தேரில் அமர்ந்து இதே பகுதியைப் படித்துக்கொண்டிருக்கிறார். பிலிப்பு அருகே வந்ததும், இறைவாக்கினர் இதைத் தம்மைக் குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்தா என்று கேட்கிறார். அந்த முதல் நூற்றாண்டிலேயே, படித்தவுடன் விளங்கிவிடும் பகுதியாக அது இல்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

யூதரின் வாசிப்புக்கு ஆதாரம் எசாயா நூலிலேயே இருக்கிறது. 41-ஆம் அதிகாரமும் 49-ஆம் அதிகாரமும் ஆண்டவரின் ஊழியன் என்று இஸ்ரயேலைப் பெயர் சொல்லியே அழைக்கின்றன. ஆகவே 53-இல் துன்புறும் ஊழியனும் நாடிழந்து சிதறிய மக்களினமே என்று அவர்கள் கொள்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் யூத அறிஞர்களோடு பேசியபோதும் இதே விளக்கத்தைத்தான் கேட்டதாக எழுதியிருக்கிறார். இங்கே சுவடியைத் திருத்தியதாக ஒருவர்மீது ஒருவர் பழி போடவும் வழியில்லை. 1947-இல் சாக்கடல் அருகே குகையில் கிடைத்த எசாயா தோல்சுருள் இயேசுவுக்கு ஏறத்தாழ நூறாண்டு முற்பட்டது. 53-ஆம் அதிகாரம் அதில் இருக்கிறது. சிறு வேறுபாடுகள் நீங்கலாக இன்றைய எபிரேய நூலில் இருப்பதே அது. எழுத்தில் சண்டை இல்லை. யாரைக் குறிக்கிறது என்பதில்தான் சண்டை.

இதைப் பற்றி நடந்த விவாதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1263-இல் பார்சலோனாவில் அரகோன் மன்னர் முதலாம் ஹைமே முன்னிலையில் நடந்தது. யூதராகப் பிறந்து கிறித்தவத் துறவியான பாப்லோ கிறிஸ்தியானி ஒருபுறம், ஜிரோனா நகரத்து யூத சமய குருவான ரபி நஹ்மானிதேஸ் மறுபுறம். மெசியா வந்துவிட்டார் என்று வாதிட்ட துறவியிடம் ரபி தனி வசனங்களை வைத்து மல்லுக்கு நிற்கவில்லை. மெசியாவின் காலத்தில் மக்கள் வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிப்பார்கள், இனிப் போர்ப் பயிற்சி பெற மாட்டார்கள் என்று இறைவாக்கினர் சொல்லியிருக்கிறார்களே, உலகம் இன்னும் வன்முறையால் நிறைந்திருக்கிறதே என்றார். போர்ப் பயிற்சி இல்லாமல் போனால் அரசே, உமக்கும் உம் வீரர்களுக்கும் எவ்வளவு கடினமாக இருக்கும் என்று மன்னரையே பார்த்துச் சொன்னாராம். தவறான தரப்பை இவ்வளவு திறமையாக வாதிட்டவரைத் தாம் கண்டதில்லை என்று மன்னர் பாராட்டி 300 நாணயம் கொடுத்தனுப்பியதாக ரபியே எழுதிவைத்திருக்கிறார். கிறித்தவத் தரப்பின் இலத்தீன் குறிப்போ, அவர் பதில் சொல்ல முடியாமல் தவித்தார் என்கிறது. மன்னரின் பாராட்டு அவரைக் காப்பாற்றவில்லை. தம் தரப்பை எழுதி வெளியிட்டதற்காகத் துறவிகள் வழக்குத் தொடுத்தார்கள். எழுபது வயதுக்கு மேல் நாட்டை விட்டு வெளியேறி, 1267-இல் புனித நாடு போய்ச் சேர்ந்தார்.

ஆகவே, உங்களுக்குத் தெளிவாகத் தெரிவது யூதருக்குத் தெரியாததற்குக் காரணம் அவர்களின் பிடிவாதம் என்று யாரேனும் உங்களுக்குப் போதித்தால் அதை ஏற்காதீர்கள். உயிர்த்தெழுந்தவரை முதலில் நம்பிவிட்டு எசாயாவுக்குத் திரும்புகிறீர்கள். அவர்கள் எசாயாவிலிருந்து தொடங்குகிறார்கள்.

● “விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவரே ஆறுமுக நாவலர்தான் என்று இங்கே பேரப்பிள்ளைகளிடம் சொன்னேன், சைவத்துக்காகப் போராடியவர் அதை ஏன் செய்தார் என்று கேட்கிறார்கள்.”
— வ.செ., டொராண்டோ (சொந்த ஊர் வண்ணார்பண்ணை)

மொழிபெயர்ப்புக்குப் பொறுப்பேற்றவர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியை நடத்திய பீற்றர் பேர்சிவல் பாதிரியார். நாவலர் அந்தப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவருக்குத் தமிழ்த் துணையாக அமர்ந்தார். ஆகையால் “மொழிபெயர்த்தவர்களில் ஒருவர்” என்று பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லலாம். அந்தப் பதிப்பு 1850-இல் வெளிவந்தது. பழைய பெப்ரிஷியுஸ் மொழிபெயர்ப்பில் ஊறிப்போன சபைகளுக்கு அதன் தமிழ் ஒட்டவில்லை. அதற்குள் நாவலரோ வேறு பாதையில் வெகுதூரம் போயிருந்தார். 1847 டிசம்பர் 31 அன்று உங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

ஏன் செய்தார் என்பதைவிட, செய்ததால் என்ன கிடைத்தது என்று கேட்பது பயனுள்ளது. 1854-இல் அவர் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ என்ற நூலைப் பாருங்கள். அது வந்தது ஆக்ரா விவாதம் நடந்த அதே ஆண்டு. ஆனால் முறையே வேறு. விவிலியம் திரிக்கப்பட்டது என்று நாவலர் வாதிடப் புறப்படவில்லை. விவிலியம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டார். தூபம், தீபம், நைவேத்தியம், அபிஷேகம், குருக்களின் தீட்டு, திருவிழா ஆகியவற்றைப் பாதிரிமார் அஞ்ஞானம் என்று இகழ்ந்தார்கள் அல்லவா? மோசேயின் நூல்களைத் திறந்து பாருங்கள் என்றார் நாவலர். மோசே அமைத்த வழிபாட்டுக் கூடாரத்தில் அணையாத விளக்கு, நாள்தோறும் சாம்பிராணி, மேசைமேல் படைத்த அப்பங்கள், தைலம் பூசிப் புனிதமாக்கிய கலங்கள், குருக்களுக்குத் தீட்டும் நீராட்டும், குறித்த நாளில் குறித்த விழா எல்லாம் கர்த்தர் விதித்தவையாக அங்கே இருக்கின்றன. கர்த்தர் விதித்தால் வழிபாடு, சிவபெருமான் விதித்தால் அஞ்ஞானமா? அந்தச் சடங்குகள் வரவிருந்த கிறிஸ்துவுக்கு நிழலாக இருந்தன, அவர் வந்ததும் நீங்கின என்பது பாதிரிமாரின் வழக்கமான பதில். நிழலுக்கு உட்பொருள் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டென்றால், எங்கள் கிரியைக்கு உட்பொருள் சொல்ல எங்களுக்கும் உண்டு என்பதே சைவர் பக்கத்து மறுமொழி.

மோசேயின் நூல்களில் ஒன்றான இலேவியர் நூலை அந்த அளவுக்கு வரிவரியாக அறிந்திருந்த இந்து அறிஞர் அன்று வேறொருவர் இருந்திருப்பாரா என்பது ஐயமே. அந்த அறிவு பேர்சிவலின் மேசையில் கிடைத்தது. இருபது ஆண்டு கழித்து 1873 ஆகஸ்டில் இலங்கையின் பாணந்துறையில் பௌத்தத் துறவி மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறித்தவரோடு வாதிட்டபோதும், விவிலிய வசனங்களையே திருப்பிப் பிடித்துக் கேட்டார். பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

● “இயேசு இந்தியாவுக்கு வந்து பௌத்தம் கற்றார், லடாக் மடத்தில் சுவடி இருக்கிறது என்கிறார்களே?”
— கு.தி., கோவை

ஹெமிஸ் மடத்தில் அப்படியொரு சுவடியைக் கேட்டு எழுதிக்கொண்டதாக 1894-இல் பாரிஸில் நூல் வெளியிட்டவர் நிக்கோலாய் நோட்டோவிச் என்ற ரஷ்யப் பயணி. அடுத்த ஆண்டே ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் ஆர்ச்சிபால்டு டக்ளஸ் நேரில் போய்த் தலைமை லாமாவைக் கேட்டார். அப்படி ஒரு சுவடி இல்லை, அப்படிப்பட்ட விருந்தாளியும் வரவில்லை என்று லாமா சொன்னார். ஸ்ரீநகரின் ரோஸாபால் கல்லறை வேறு கதை: சிலுவைக்குப் பிறகு இயேசு காஷ்மீருக்கு வந்து இறந்தார் என்பது அகமதியா இயக்கத்தைத் தொடங்கிய மிர்ஸா குலாம் அகமது வைத்த கருத்து. முன்னது இளமைப் பயணம், பின்னது முதுமைப் பயணம். இரண்டையும் கலந்து ஒரே கதையாக்கியவர்கள் பின்னால் வந்த நூலாசிரியர்கள்.

● “நீங்கள் அடிக்கடி குறிப்பிடும் ஆக்ரா விவாதத்தில் கடைசியில் வென்றவர் யார்? யாராவது அதனால் மதம் மாறினார்களா?”
— இ.பா., மதுரை

இரு தரப்பும் தாமே வென்றதாக அச்சிட்டுக்கொண்டன. அன்றைய கூட்டத்தின் மனநிலையைப் பார்த்தால் ரஹ்மத்துல்லாஹ்வின் கையே ஓங்கியிருந்தது என்று சொல்வேன். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அவர் சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். அவர் மக்காவுக்குத் தப்பிச் சென்றார். பிஃபாண்டரோ கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பப்பட்டிருந்தார். அங்கே அவர் வேலை சர்ச்சையைக் கிளப்பியதும், துருக்கிய சுல்தான் அப்துல் அஸீஸ் ரஹ்மத்துல்லாஹ்வை அங்கே வரவழைத்தார். அங்கிருந்துதான் ‘இள்ஹாருல் ஹக்’ என்ற அரபு நூல் 1864-இல் பிறந்தது. இஸ்லாமியத் தரப்பினர் விவிலியத்தைப் பற்றி இன்று மேடைகளில் சொல்லும் வாதங்களில் பல அந்த நூலிலிருந்து வந்தவை.

மதமாற்றம் பற்றிக் கேட்டீர்கள். ஆக்ரா கூட்டத்தில் இஸ்லாமியத் தரப்போடு இருந்தவர் இமாதுத்தீன் என்ற இளம் மவுலவி. பிஃபாண்டரின் வாதங்களை மறுத்துப் பேசும்படி ஆக்ராவின் பெரிய பள்ளிவாசலில் அமர்த்தப்பட்டவர். அவர் 1866-இல் அமிர்தசரஸில் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவக் குருவானார். விவாதத்தில் தோற்ற தரப்புக்கு, வென்ற தரப்பிலிருந்து, பன்னிரண்டு ஆண்டு கழித்து.

விவாதத்துக்கென ஐந்து பொருள்களை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தன: முந்தைய வேதம் பிந்தையதால் நீக்கப்படுமா என்பது, வேதம் திரிக்கப்பட்டதா என்பது, திரித்துவம், முகம்மதின் நபித்துவம், குர்ஆனின் இறைத்தன்மை. இரண்டு நாளில் முதல் இரண்டு பொருள்களை மட்டுமே பேசினார்கள். மூன்றாவதை எடுக்க அவர்கள் மறுபடி கூடவில்லை.